முதலில் சட்டி காயட்டும்

சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வந்து நிற்கும். முதலில் சிலிண்டர் இறங்கும். பிறகு அடுப்பு. பிறகு சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று நிறத்தில், மூடியில் ஆணியால் துளை போட்ட சாஸ் பாட்டில்கள். ஏழு மணிக்கு அடுப்பு இரைய ஆரம்பிக்கும். கடைக்கு வேறு விளம்பரமே தேவையில்லை. நீலத் தீ சட்டியின் விளிம்பைத் தாண்டி எழும்ப, மாஸ்டர் இடது கையால் சட்டியை உலுக்கிக்கொண்டே வலது கைக் கரண்டியால் 'டங் டங்' என்று தட்டுவார். "ஒரு சிக்கன் ரைஸ், காரம் தூக்கலா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் பால் பாக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் பார்சல் கட்டி ரப்பர் பேண்டும் போட்டிருப்பார்.

அதையே வீட்டில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தச் சோகம் தெரியும். நானும் செய்தேன். கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாவற்றையும் மெல்லிசாக அரிந்து, பெரிய வாணலியில் ஒரே தள்ளாகத் தள்ளினேன். இரண்டாவது நிமிடம் வாணலிக்குள் குளம். காய்கள் அதில் நீந்தின. கடை ருசி வரவில்லையே என்று சோயா சாஸ் ஊற்றினேன், போதவில்லை என்று சில்லி சாஸ், அப்புறம் உப்பு, கடைசியில் பளபளப்புக்காக இன்னொரு குழிக்கரண்டி எண்ணெய். ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று வீட்டில் தொடங்கிய சமையல், வண்டிக் கடையைவிட உப்பும் எண்ணெயும் கூடுதலாக முடிந்தது. ருசி மட்டும் கூட்டுக்கும் குழம்புக்கும் நடுவே எங்கோ நின்றது.

அன்று நான் தேடியது பாட்டிலில் இல்லை என்று புரிய வெகுநாள் ஆயிற்று. எல்லாம் சூட்டின் விவகாரம். இன்னும் சரியாகச் சொன்னால், தண்ணீரின் விவகாரம்.

காயை நீந்தவிட்டால் போச்சு

உணவகங்களில் சீனச் சமையலுக்கு வைத்திருக்கும் ஹை பிரஷர் பர்னர், நம் வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னரைப்போலச் சுமார் பத்து மடங்கு வெப்பம் தரக்கூடியது. வண்டிக் கடை அடுப்பு அவ்வளவு இல்லாவிட்டாலும் நம்முடையதைவிடப் பல மடங்கு. கோஸும் குடைமிளகாயும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சூடு பட்டதும் அது வெளியே வரும். கடை அடுப்பில் அந்த நீர் வெளிவந்த கணமே ஆவியாகிவிடுகிறது. நம் அடுப்பில் தேங்குகிறது.

தேங்கினால் என்ன? கணக்கு போட்டே பார்க்கலாம். கொதிநிலைக்கு வந்துவிட்ட 100 கிராம் தண்ணீரை முழுக்க ஆவியாக்கச் சுமார் 225 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 2 கிலோவாட் பர்னரின் வெப்பம் துளி வீணாகாமல் சட்டிக்குள் போனாலே ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும். நிஜத்தில் கணிசமான சூடு பக்கவாட்டில் கழன்று போகிறது. எனவே மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நிமிடமும் சட்டிக்குள் இருக்கும் காய் 100 டிகிரியைத் தாண்டாது. காயும் கறியும் ஓரங்களில் பொன்னிறமாகி மணம் வருவது 140 டிகிரிக்கு மேல்தான். ஆக, தண்ணீர் இருக்கும்வரை காய் வேகும், குழையும், நிறம் வெளுக்கும், சிவக்காது. சிவக்காத ருசியை ஈடுகட்டத்தான் நாம் பாட்டிலைத் தேடி ஓடுகிறோம்.

கன்டோனீஸ் சமையல்காரர்கள் அந்தச் சிவந்த, லேசாகப் புகைந்த மணத்தை 'வொக் ஹெய்' என்கிறார்கள். சட்டியின் மூச்சு என்று சொல்லலாம். சட்டியை உலுக்கும்போது சோறு மேலே பறந்து தீக்கு அருகே போய் வருகிறது. எண்ணெய்த் துளிகள் தீப்பிடித்து அணைகின்றன. பறக்கிற நேரத்தில் ஆவி கழன்றுகொள்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இதைப் படம்பிடித்து அளந்து 2020-ல் ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். தைவானிலும் சீனாவிலும் ஐந்து தொழில்முறை சமையல்காரர்களைப் பார்த்ததில், அவர்கள் நொடிக்குச் சுமார் 2.7 தடவை சட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள். சமையல்காரர்களில் பலருக்குத் தோள்பட்டை வலி வருவதுதான் அந்த ஆய்வுக்கே ஒரு காரணம். நம் வீட்டு அடுப்பில் இந்த வித்தை வேண்டவே வேண்டாம். தூக்கினால் சட்டி ஆறும், அவ்வளவுதான். ஒரு நல்ல தோசைத் திருப்பியால் அடியிலிருந்து புரட்டினால் போதும்.

பொரியல் கை

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் கை பொரியல் கை. கோஸ் பொரியலுக்கு என்ன செய்கிறோம்? பொடியாக அரிகிறோம். தாளித்த கையோடு காயைப் போட்டு உடனே உப்புப் போடுகிறோம். ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, தீயைக் குறைக்கிறோம். பொரியலுக்கு இது அத்தனையும் சரி. காய் தன் நீரிலேயே மெல்ல வெந்து தேங்காய்ப்பூவை வாங்கிக்கொள்ளும். ஸ்டிர் ஃப்ரைக்கு இது அத்தனையும் தப்பு. உப்பு முதலில் விழுந்தால் காயிலிருந்து நீரை இழுத்துவிடும். மூடினால் ஆவி திரும்பிச் சொட்டும். தீயைக் குறைத்தால் கேட்கவே வேண்டாம்.

'வதக்குதல்' என்ற சொல்லே இங்கே வழிதவற வைக்கிறது என்று எனக்குத் தோன்றும். வதங்குவது என்றால் வாடுவது. வெங்காயம் வாடட்டும், தக்காளி கரையட்டும். இங்கே காய் வாடக் கூடாது. கடித்தால் நறுக்கென்று ஒடிய வேண்டும். சீன மொழியில் இதற்கு 'சாவ்' என்று ஒரே அசையில் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு 'ஸ்டிர் ஃப்ரை' என்ற சொல்லைக் கொடுத்தவர் பூவெய் யாங் சாவ் என்ற பெண் மருத்துவர். 1945-ல் அமெரிக்காவில் வெளியான அவருடைய சமையல் புத்தகத்தில்தான் அது வந்தது. தமிழில் இன்னும் ஒரு நல்ல சொல் அமையவில்லை. கிடைக்கும்வரை ஸ்டிர் ஃப்ரை என்றே சொல்லிக்கொள்வோம்.

சொல் இல்லாவிட்டாலும் பண்டம் வந்து பல காலம் ஆகிறது. தோங் ஆச்சியூ என்ற சீன வியாபாரி 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சர்க்கரை ஆலை வைத்தார்; ஆச்சிப்பூர் என்ற ஊர்ப்பெயர் அவரால் வந்தது. பின்னால் வந்த ஹக்கா சீனர்கள் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள். அந்தப் பேட்டையிலிருந்துதான் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் போட்ட நம் ஊர் 'சைனீஸ்' பரவியது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-ல் மும்பையின் கிரிக்கெட் கிளப்பில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகச் சொல்வார்கள். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் தக்காளிக் கெச்சப்பும் சேர்த்துச் சட்டியில் புரட்டி 'மீ கோரெங்' ஆக்கினார்கள். இன்றும் அவர்களுடைய 'மாமாக்' கடைகளில் அதற்குத்தான் கூட்டம்.

ஈடு ஈடாக

தீயை நம்மால் பத்து மடங்கு கூட்ட முடியாது. சட்டிக்குள் போவதைப் பாதியாக்க முடியும். வழி இவ்வளவுதான். இட்லிக்கு ஈடு உண்டு, வடைக்கு ஈடு உண்டு. எண்ணெய்ச் சட்டியில் பத்து வடையை ஒரே நேரத்தில் திணித்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஃப்ரைட் ரைஸ் என்று வந்ததும் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே தள்ளாகத் தள்ளுகிறோம். வண்டி மாஸ்டரைக் கவனியுங்கள்: ஆறு பார்சல் ஆர்டர் இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போட மாட்டார். அவ்வளவு பெரிய தீ இருந்தும்!

இரண்டு பேருக்கான கணக்கைச் சொல்கிறேன். எலும்பில்லாத கோழி கால் கிலோ. காய் எல்லாம் சேர்த்து 300 கிராம்: கோஸ், குடைமிளகாய், பீன்ஸ், கொஞ்சம் கேரட். ஆறு பல் பூண்டு, ஒரு விரல்கடை இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், ஒரு பிடி வெங்காயத்தாள்.

கோழியை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மெல்லிய வில்லைகளாக நறுக்க வரும். தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே நறுக்குங்கள். மெல்லும்போது நார் நாராக இழுக்காது. அதில் ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் சோள மாவு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசிறி பத்து நிமிடம் வையுங்கள். அந்தச் சோள மாவு கோழியின் மேல் மெல்லிய சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் சாறு வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும். கடையில் கோழி பஞ்சு மாதிரி இருப்பதன் ரகசியத்தில் இது பாதி. மீதிப் பாதி, எண்ணெயில் முக்கிப் பொரிப்பது. அதை நாம் விட்டுவிடுகிறோம்.

காயைக் கழுவித் துணியில் பரப்பி உலர்த்துங்கள். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கேதான் பாதித் தண்ணீர் உள்ளே நுழைகிறது. கோஸைப் பொரியலுக்குப்போலப் பொடியாக அரியாமல் இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். பீன்ஸ் லேசில் வேகாது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து உதறி வைத்துவிடலாம்.

சாஸை முன்னாலேயே ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்துவிட வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் சோள மாவு, நாலு டேபிள்ஸ்பூன் தண்ணீர். உப்பு கிடையாது. அடுப்பு எரிய ஆரம்பித்த பிறகு பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இந்தச் சமையலில் நறுக்குவதற்குப் பதினைந்து நிமிடம், சமைப்பதற்கு ஆறு நிமிடம்.

இனி சட்டி. இரும்பு வாணலி இருந்தால் அதை எடுங்கள். பாட்டி காலத்து இரும்புச் சட்டியைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்கள் இறக்கலாம். நான்ஸ்டிக் இதற்கு ஆகாது. அதன் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதைந்து கெட்ட புகை விடும்; காலிச் சட்டியைப் பெரிய தீயில் காயவைத்தால் அந்தச் சூடு சில நிமிடத்தில் வந்துவிடும். இரும்புச் சட்டியை எண்ணெய் இல்லாமல் முழுத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று வற்றாமல், தாமரை இலைத் தண்ணீர்போல் முத்தாக உருண்டு ஓட வேண்டும். அப்போதுதான் எண்ணெய், ஒரு டீஸ்பூன் மட்டும். ரீஃபைண்டு கடலை எண்ணெய் நன்றாகச் சூடு தாங்கும். செக்கு எண்ணெய்கள் எனக்குப் பிடித்தவைதான், ஆனால் சீக்கிரம் புகைந்துவிடும். அவற்றை இட்லிப்பொடிக்கு வைத்துக்கொள்வோம்.

கோழியில் பாதியைப் பரப்பிப் போடுங்கள். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நாற்பது நொடி. புரட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். அடிப்பக்கம் சிவந்ததும் தானாகவே சட்டியை விட்டுக் கழலும். திருப்பி, உள்ளே இளஞ்சிவப்பு மறையும்வரை வைத்து, ஒரு தட்டுக்கு மாற்றுங்கள். சட்டியை மறுபடி காயவிட்டு மீதிப் பாதி. இதற்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெய்.

அடுத்த ஈடு காய். கடைசி ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, கேரட்டும் பீன்ஸும் முதலில். அரை நிமிடம் கழித்து கோஸ், குடைமிளகாய். பூண்டை முதலில் போடச் சொல்லும் செய்முறைகள் உண்டு. இத்தனை சூட்டில் அது நொடியில் கருகிக் கசக்கும். காயை ஓரமாக ஒதுக்கி, நடுவில் இஞ்சி, பூண்டு, மிளகாயைப் போட்டு மணம் வந்ததும் கலந்துவிடுவதே வீட்டு அடுப்புக்கு உகந்தது. காயின் ஓரத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் கோழியைத் திரும்பக் கொட்டி, கலந்து வைத்த சாஸை இன்னொரு தடவை கலக்கிவிட்டு, நடுவில் ஊற்றாமல் சட்டியின் விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள். காய்ந்த இரும்பில் வழியும்போது சோயா சாஸ் லேசாகக் கருகி ஒரு மணம் எழும். வண்டிப் பக்கம் போகும்போது மூக்கைத் துளைக்குமே, அதேதான். அரை நிமிடத்தில் சாஸ் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். வெங்காயத்தாளைத் தூவி இறக்கிவிடலாம்.

சைவக்காரர்கள் பனீரையோ டோஃபுவையோ துணியில் ஒற்றி ஈரம் போக்கி இதேபோல் செய்யலாம். காளான் என்றால் அதற்குத் தனி ஈடு. அது தண்ணீர்ப் பொதி. எண்ணெய்கூட இல்லாமல் முதலில் அதன் நீர் வற்றும்வரை விட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லன் யார்?

வீட்டில் இப்படிச் செய்ததில் இரண்டு பேருக்கும் சேர்த்து எண்ணெய் நாலு டீஸ்பூன். சோயா சாஸும் நாலு டீஸ்பூன். சாதாரண சோயா சாஸ் ஒரு டீஸ்பூனில் சுமார் 300 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஆக ஒரு ஆளுக்கு 600. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் சாம்பார், மதியம் ஊறுகாய், அப்பளம் என்று பாதிக் கணக்கு ஏற்கெனவே தீர்ந்திருக்கும் நமக்கு 600 என்பதே சின்ன எண் இல்லை. இதன்மேல் பச்சை, சிவப்பு சாஸ்களையும் தனி உப்பையும் கொட்டினால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'லோ சோடியம்' என்று எழுதிய பாட்டில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் உப்பைக் குறைத்துப் புளிப்பைக் கூட்டுங்கள். வினிகரோ எலுமிச்சையோ அரை டீஸ்பூன் கூடினால் நாக்கு உப்பைத் தேடாது.

'அதான் அஜினமோட்டோ போடலையே, அப்புறம் என்ன?' என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு இந்த இடத்தில் ஊரோடு ஒத்துப்போக முடியவில்லை. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் உப்பு அது. தக்காளியிலும் காளானிலும் அந்தச் சோயா சாஸிலுமே குளுட்டமேட் இயல்பாக இருக்கிறது. 1968-ல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு, சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று கடிதம் எழுதினார். காரணம் இன்னதாக இருக்கலாம் என்று அவர் அடுக்கியதில் இதுவும் ஒன்று. அந்தச் சந்தேகம் உலகம் சுற்றி நம் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. அதன்பின் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில் அது உறுதியாக நிற்கவில்லை. சாதாரண உப்பில் 39 சதவீதம் சோடியம், இதில் 12. வீட்டில் இதைப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டி காய்ந்திருந்தால் தேவையே படாது. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நிற்கும் உப்பையும் நிறத்தையும் பழைய எண்ணெயையும் விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் குறை.

நிறத்தைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். கோபி மஞ்சூரியனுக்கு அந்த ரத்தச் சிவப்பு மிளகாயிலிருந்து வருவதில்லை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. பஞ்சு மிட்டாயில் இருந்த ரோடமைன் பி துணிக்குச் சாயம் ஏற்றுகிற சரக்கு. வீட்டில் சிவப்பு வேண்டும் என்றால் காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து அரைத்துக்கொண்டால் ஆயிற்று. எண்ணெய் விஷயமும் அப்படித்தான். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நம் நாட்டு விதி. ராத்திரி பத்து மணிக்கு வண்டியில் அதை யார் அளக்கிறார்கள்?

ஆறின சோறு

ஃப்ரைட் ரைஸுக்கு ஆறின சோறுதான் வேண்டும். சுடுசோறு ஈரமும் பசையுமாக இருக்கும். குளிர்ந்தால் அதன் மாவுச்சத்து இறுகி, பருக்கை பருக்கையாக உதிரும். பாஸ்மதிதான் வேண்டும் என்றில்லை. வீட்டில் தினம் வடிக்கிற புழுங்கலரிசிச் சோறே அழகாக உதிரும்; சொல்லப்போனால் பச்சரிசியைவிட இது தோது.

ஆனால் 'நேத்து வடிச்சது வெளியில இருக்கு, அதைப் போட்டுடலாம்' என்பது ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு சட்டிச் சூட்டுக்கும் அழியாது. பிறகு எவ்வளவு புரட்டினாலும் பயனில்லை. மேற்கத்திய மருத்துவர்கள் இந்த வாந்தி நோயை 'ஃப்ரைட் ரைஸ் சிண்ட்ரோம்' என்றே அழைக்கிறார்கள். மதியம் வடித்ததில் எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும், ஒரு மணி நேரத்துக்குள், மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். இரவு எடுத்து விரலால் உதிர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றை இதற்குப் பிழியாதீர்கள். அதன் இடம் மோரோடும் சின்ன வெங்காயத்தோடும்தான்.

ஒரு ஈட்டுக்கு ஒரு ஆள் சோறு. முதலில் முட்டையைக் கிளறி எடுத்து வைத்துவிட்டு, காய், பிறகு சோறு. சோற்றைச் சட்டியில் பரப்பி, அழுத்தி, அரை நிமிடம் சும்மா விட வேண்டும். அடிப்பருக்கைகள் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டதும் புரட்டுங்கள். கடைசியில் ஒரு டீஸ்பூன் சோயா சாஸ் விளிம்போரமாக. கூடவே வெள்ளை மிளகுத்தூள். சோறும் காயும் சம அளவு இருந்தால் தட்டில் குறைவாகவும் தெரியாது, வயிறும் கனக்காது. சீனர்கள் கடைசியில் விடும் எள்ளெண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். விட்டால் வேறு ருசிதான் வரும்: அவர்களுடையது எள்ளை நன்றாக வறுத்து ஆட்டியது, நம்முடையது வறுக்காத எள். அதற்குப் பதில் ஒரு டீஸ்பூன் எள்ளை வறுத்து நசுக்கித் தூவிப் பாருங்கள்.

முதல் ஈடு தயாரானதும் பசித்தவரை உட்காரவைத்துப் பரிமாறிவிட வேண்டும். எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம் என்று மூடிவைத்தால், ஆவி கட்டி அத்தனை உழைப்பும் தொளதொளத்துவிடும். பார்சல் டப்பாவுக்குள் நடப்பதும் அதுதான். எங்கள் வீட்டில் இப்போது தோசை நாள்போல ஆகிவிட்டது: ஒருவர் சாப்பிட, அடுத்தவர் தட்டோடு அடுப்படியில் நிற்க, கடைசி ஈடு சமைப்பவருக்கு.

சட்டி கழுவும்போது ஒன்று. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிடாதீர்கள். எண்ணெய் காய்ந்து காய்ந்து படிந்த அந்தக் கறுப்புதான் காய் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. புளிப்பு பட்டால் அது உரிந்துவிடும். வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்து, மறுபடி அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, அரைச் சொட்டு எண்ணெயைத் துணியால் தடவி ஆணியில் மாட்டிவிடுங்கள். பரணில் வேண்டாம்.